கணக்கு மென்பொருளைப் பொதியாகக் கட்டி அனுப்பும் முறை

கூட்டுறவுச் சங்கம் எதுவாயினும் அதன் உயிர்நாடி கணக்குப் புத்தகமே என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். நெசவாளர் சங்கமாயின் எத்தனை சிட்டம் நூல் யாரிடம் போயிற்று, எத்தனை சேலை திரும்பி வந்தது, கூலியில் நிலுவை எவ்வளவு என்பனவும், விளைவிப்போர் சங்கமாயின் எத்தனை மூட்டை எந்த எடையில் என்ன விலைக்குக் கொள்முதலாயிற்று என்பதும் அதிலே அடங்கும். இக்கணக்குகள் இப்பொழுது கணிப்பொறியில் ஏறி வருகின்றன. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்குவதற்காக 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. அத்தகைய பொதுத் திட்டங்கள் ஒருபுறமிருக்க, நூல் பட்டுவாடாவுக்கும் கூலிக் கணக்குக்கும் தங்கள் தேவைக்கென்றே தனியாக எழுதுவித்துக்கொண்ட சிறு மென்பொருளை உபயோகிக்கும் சங்கங்களும் உண்டு. இக்கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுவது.

மென்பொருளை எழுதுவது வேறு. எழுதியதைத் தலைமை அலுவலகத்திலிருந்து கிளைகளுக்குக் கொண்டு சேர்ப்பது வேறு. முதல் காரியத்துக்குச் செலவிடும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இரண்டாவதற்கு நாம் செலவிடுவதில்லை. எழுதிய இளைஞர் கோப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டுத் தருகிறார், கிளைக் குமாஸ்தா அதை ஏதோ ஓர் இடத்தில் நகலெடுத்துக்கொள்கிறார், வேலை நடக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு திருத்தம் வரும்பொழுதுதான் தொல்லை தொடங்குகிறது. எந்தக் கிளையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று காரியதரிசிக்குத் தெரிவதில்லை. பழைய கோப்பின் மேல் புதியது விழுந்ததா, புதியதின் மேல் பழையது விழுந்ததா என்று குமாஸ்தாவுக்கும் தெரிவதில்லை. இதற்குப் பரிகாரமாக ஏற்பட்டதுதான் இன்ஸ்டாலர் என்று தொழிலில் வழங்கும் நிறுவு பொதி.

நூல் பொதியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 10 பவுண்டு நூல் பொதியின் மேல் ஒட்டிய சீட்டில் நூலின் நம்பர் இருக்கிறது. நம்பர் 40 என்றால் ஒரு பவுண்டில் 840 கெஜம் கொண்ட 40 சிட்டங்கள், ஆகவே பொதியில் 400 சிட்டங்கள் என்று பிரிக்காமலே கணக்கிட்டுவிடலாம். சீட்டில்லாத பொதியைக் கிடங்குக் குமாஸ்தா ஏற்றுக்கொள்ள மாட்டார். மென்பொருள் பொதியும் அவ்வாறே. உள்ளே இருக்க வேண்டிய கோப்புகள் யாவும் ஒரே கட்டாக அடங்கி, இன்ன பெயர், இன்ன பதிப்பு, இன்னார் வெளியிட்டது என்னும் சீட்டும் ஒட்டப்பட்டு வருவது அது. நூல் பொதிக்கு இல்லாத ஒரு குணமும் அதற்கு உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தில் அது தானே அவிழ்ந்து, ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் வைத்து, வைத்ததையெல்லாம் ஒரு குறிப்பில் எழுதிக்கொள்ளும். பின்னொரு நாள் மென்பொருளை நீக்கச் சொன்னால் அந்தக் குறிப்பைப் பார்த்தே நீக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை அங்கத்தினர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பெரிய ஆபத்து ஒன்று அதிலிருந்துதான் பிறக்கிறது.

பொதி கட்டுவதற்குப் பல கருவிகள் உள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1999-இல் ஆஃபீஸ் 2000 தொகுப்புடன் விண்டோஸ் இன்ஸ்டாலர் என்னும் முறையைக் கொண்டுவந்தது. அதன் பொதிகள் எம்.எஸ்.ஐ. என்று முடியும். அவற்றைக் கட்டுவதற்கான விக்ஸ் என்னும் கருவியின் மூலநிரல் 2004-இல் யாவர்க்கும் திறந்து வெளியிடப்பட்டது. நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளை ஒரே வலையமைப்பில் வைத்து, ஒரு மேஜையிலிருந்தே ஆளுகிற பெரிய ஸ்தாபனங்களுக்கு எம்.எஸ்.ஐ. பொருத்தமானது. நாலைந்து கிளைகளும் கிளைக்கு ஒன்றிரண்டு கணிப்பொறிகளும் உள்ள சங்கத்துக்கு அவ்வளவு பெரிய தறி தேவையில்லை என்பது நம் கருத்து. ஜோர்டான் ரஸ்ஸல் என்பவர் 1997-இல் வெளியிட்டு இன்றும் திருத்தப்பட்டு வரும் இன்னோ செட்டப் என்னும் கருவி போதும். அதன் உரிம விதிகளை முதலில் படித்துக்கொள்வது நலம். இனிச் சொல்லப்போகும் விவரங்கள் இக்கருவியைப் பற்றியனவே. ஆயினும் இவற்றின் உட்கருத்து எக்கருவிக்கும் பொருந்தும்.

இன்னோ செட்டப்பில் ஸ்கிரிப்ட் என்னும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பை நாம் எழுதுகிறோம். அதில் செட்டப், ஃபைல்ஸ், டைர்ஸ், ஐகான்ஸ் என்று பகுதிகள் உண்டு. கருவி அதைப் படித்து, எக்ஸி என்று முடியும் ஒரே கோப்பாகப் பொதியைக் கட்டித் தரும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலேயே அவுட்புட் என்னும் உறை ஒன்றை உண்டாக்கி, அதற்குள் மைசெட்டப் என்னும் பெயரில் பொதியை வைத்துவிடும். இங்கேதான் முதல் பாடம் தொடங்குகிறது. ஒவ்வொரு தடவை கட்டும்போதும் அதே பெயர் வந்தால் முந்தியது அழிந்துபோகும். அழியாவிட்டாலும் கிளைக்கு வந்தது எது என்று தெரியாது. ஆகையால் செட்டப் பகுதியில் அவுட்புட்-டைர் என்னும் வரியில் பொதி வைக்கப்படும் உறையையும், அவுட்புட்-பேஸ்-ஃபைல்நேம் என்னும் வரியில் பொதியின் பெயரையும் நாமே குறிக்க வேண்டும். இவ்வரிகளை ஆங்கிலத்தில் எழுதும்போது இடைக்கோடு இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுவது முறை. சங்கக் கணக்கு 2.4.1 என்பது போல மென்பொருளின் பெயரும் பதிப்பெண்ணும் பொதியின் பெயரிலேயே விளங்க வேண்டும்.

வெறுமனே செட்டப் என்று பெயரிடுவதைக் கருவியின் கையேடே வேண்டாமென்கிறது. அந்தப் பெயருள்ள கோப்பை ஓட்டும்போது விண்டோஸ் பழைய மென்பொருள்களுக்கான சலுகைகளைக் கருதிச் சில துணைக் கோப்புகளை அதிகமாக ஏற்றுகிறது. பொதி கிடக்கும் அதே உறையில் விஷமி ஒருவன் அப்பெயரில் ஒரு துணைக் கோப்பைப் போட்டு வைத்திருந்தால் அதுவும் உள்ளே நுழைந்துவிடலாம். ஒரு பெயரில் இவ்வளவு இருக்கிறது.

பதிப்பெண்ணைக் கையால் எழுதுவதில் ஒரு சங்கடம். மென்பொருளுக்குள் 2.4.1 என்றும், ஸ்கிரிப்டில் மறதியால் 2.4.0 என்றும் நின்றுவிட்டால் சீட்டு ஒன்று, சரக்கு ஒன்றாகிவிடும். இதைத் தவிர்க்க, மென்பொருளின் எக்ஸி கோப்பிலேயே பொறிக்கப்பட்ட எண்ணைக் கருவியே படித்துக்கொள்ளுமாறு ஸ்கிரிப்டின் தலைப்பில் ஒரு வரி எழுதலாம். கெட்-வெர்ஷன்-நம்பர்ஸ்-ஸ்ட்ரிங் என்னும் கட்டளை அதற்கானது. அதன்பின் பொதியின் பெயரிலும், விண்டோஸில் நிறுவப்பட்டவை பட்டியலிலும் ஒரே எண் தானாகவே வந்து அமையும். சங்கத்தின் சின்னத்தைப் பொதிக்கு முகப்புப் படமாகப் போடுவதும் அப்பகுதியிலேயே ஆகும். அது அழகுக்கான காரியம், விரும்புவோர் செய்துகொள்ளலாம்.

அதே பகுதியில் ஆப்-ஐடி என்று ஒரு வரி உண்டு. இது பார்ப்பதற்கு நீண்ட, அர்த்தமற்ற எண்ணும் எழுத்துமாக இருக்கும். ஆனால் மற்ற வரிகள் எல்லாவற்றையும்விட இதற்கு மதிப்பு அதிகம். அங்கத்தினரின் பெயரில் எழுத்துப் பிழை திருத்தப்படலாம், விலாசம் மாறலாம். அங்கத்தினர் எண் மட்டும் மாறுவதில்லை. ஆப்-ஐடி அத்தகையது. புதிய பதிப்பு வந்திருக்கிறதா, புதிய மென்பொருளே வந்திருக்கிறதா என்பதைப் பொதி இதைக் கொண்டுதான் தீர்மானிக்கிறது. எழுதாமல் விட்டால் மென்பொருளின் பெயரையே எண்ணாக எடுத்துக்கொள்ளும். பிறகு என்றேனும் பெயரை மாற்றினால் வேறு மென்பொருள் என்று எண்ணிவிடும். அப்பொழுது பட்டியலில் இரண்டு வரிகள் தோன்றும். பழையது இனி எதற்கு என்று நல்லெண்ணத்தோடு குமாஸ்தா ஒன்றை நீக்குவார். இரண்டும் ஒரே உறையில் நிறுவப்பட்டிருந்தால், பழையதின் குறிப்பில் உள்ள கோப்புகள் போகும். அவை புதியதற்கும் உரியவை. ஆகவே முதல் பதிப்பிலேயே ஓர் ஆப்-ஐடியை உண்டாக்கி எழுதிவிட்டு, பிற்பாடு எக்காரணத்தாலும் அதைத் தொடாதிருக்க வேண்டும்.

இனி, எதை எங்கே வைப்பது என்னும் பிரச்சினைக்கு வருவோம். இது சற்று நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி.

மென்பொருளைப் புரோகிராம்-ஃபைல்ஸ் என்னும் பொது உறையில் வைப்பது வழக்கம். அது சரியானதே. ஆனால் கணக்குப் பேரேட்டையும் அதே உறையில் வைத்துவிடுவது பழைய காலத்துப் பழக்கம். 2007-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சாதாரண உபயோகிப்பாளர் அந்த உறையில் எழுத முடியாது. அத்தோடு நின்றிருந்தால் பிழை என்று செய்தி வரும், நாமும் விழித்துக்கொள்வோம். ஆனால் பழைய மென்பொருள்கள் நின்றுபோய்விடக் கூடாதே என்ற தயவால் விண்டோஸ் ஓர் ஏற்பாடு செய்தது. பழைய முறையில் எழுதப்பட்ட 32 பிட் மென்பொருள் அந்த உறையில் எழுத முயன்றால், அது மறுக்கப்படாமல், அந்த உபயோகிப்பாளருக்கு மட்டும் உரிய வர்ச்சுவல்-ஸ்டோர் என்னும் மறைவான உறையில் எழுதப்படும். மென்பொருளுக்கும் தெரியாது, மனிதருக்கும் தெரியாது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு குமாஸ்தா தம் பெயரில் கணிப்பொறியைத் திறந்து நாற்பது நெசவாளர்களுக்கு நூல் கொடுத்ததை எழுதுகிறார். மாலையில் மற்றொருவர் தம் பெயரில் திறக்கிறார். பேரேட்டில் அந்த நாற்பது வரிகளும் இல்லை. முதல்வர் எழுதவில்லை என்கிறார் இரண்டாமவர். எழுதினேன் என்று சத்தியம் செய்கிறார் முதல்வர். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். ஒரே கணிப்பொறியில் ஆளுக்கொரு பேரேடு வளர்ந்துகொண்டிருக்கிறது! சங்கத்தில் நம்பிக்கை குலைவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆதலால் பேரேட்டைத் தனியே, புரோகிராம்-டேட்டா என்னும் பொது உறையின் கீழ்ச் சங்கத்தின் பெயரில் ஓர் உறை உண்டாக்கி அதில் வைக்க வேண்டும். மென்பொருளும் அங்கேயே பேரேட்டைத் தேடுமாறு எழுதப்பட வேண்டும். ஸ்கிரிப்டில் அந்த இடத்துக்குக் காமன்-ஆப்-டேட்டா என்று பெயர். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்கே ஒருவர் உண்டாக்கிய கோப்பை இன்னொருவர் சாதாரணமாகத் திருத்த முடியாது. ஆகவே டைர்ஸ் பகுதியில் அந்த உறையை உண்டாக்கும் வரியிலேயே, உபயோகிப்போர் யாவரும் திருத்தலாம் என்னும் பொருளுள்ள யூசர்ஸ்-மாடிஃபை என்னும் அனுமதியைச் சேர்க்க வேண்டும். இந்த அனுமதியைப் பேரேட்டு உறைக்கு மட்டுமே கொடுக்கலாம். மென்பொருள் உறைக்குக் கொடுத்தால், வருவோர் போவோர் எவரும் மென்பொருளையே மாற்றி வைத்துவிட இடமுண்டாகும்.

முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன வாக்கியத்துக்கு இப்பொழுது வருகிறோம். முதல் தடவை நிறுவும்போது காலியான பேரேட்டுக் கோப்பு ஒன்றையும் பொதியிலேயே சேர்த்து அனுப்புவது பலருக்கு வசதியாகத் தோன்றும். தோன்றுவது இயல்பே. ஆனால் பொதிக்கு அது மற்றக் கோப்புகளில் ஒன்று, அவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் கழித்து அதில் ஆயிரக்கணக்கான வரிகள் ஏறியிருப்பது பொதிக்குத் தெரியாது. அடுத்த பதிப்பை நிறுவும்போது, நிறைந்த பேரேட்டின் மேல் காலிப் பேரேட்டை அது வைத்துவிடக்கூடும். மென்பொருளை நீக்கினால், குறிப்பில் உள்ள பெயரைக் கண்டு பேரேட்டையும் நீக்கிவிடும். எல்லோருடைய கூலி நிலுவையும் ஒரு நொடியில் போகும். யாரும் திருடவில்லை, யாரும் தவறாக எதையும் அழுத்தவில்லை.

இதைத் தடுப்பதற்கு ஃபைல்ஸ் பகுதியில் அந்த ஒரு கோப்பின் வரியில் இரண்டு சொற்கள் போதும். ஒன்லி-இஃப்-டஸின்ட்-எக்சிஸ்ட் என்பது ஒன்று. ஏற்கெனவே கோப்பு இருந்தால் தொடாதே என்பது பொருள். அன்-இன்ஸ்-நெவர்-அன்-இன்ஸ்டால் என்பது மற்றொன்று. மென்பொருளை நீக்கும்போதும் இதை விட்டுவிடு என்பது பொருள். இவற்றைவிடவும் நல்ல வழி, காலிப் பேரேட்டைப் பொதியில் வைக்காமலே, மென்பொருள் முதல் நாள் திறக்கும்போது தானே உண்டாக்கிக்கொள்ளுமாறு எழுதுவித்தல். மென்பொருள் ஓடும்போது உண்டான கோப்புகள் பொதியின் குறிப்பில் ஏறுவதில்லை; ஆகையால் அவற்றை அது நீக்குவதுமில்லை. நம்மைக் கேட்டால் இவ்வழியையே சொல்வோம்.

கூலி விகிதப் பட்டியல் வேறு மாதிரியான கோப்பு. அது பேரேட்டைப் போல் கிளையில் வளர்வதன்று. தலைமை அலுவலகம் தீர்மானித்து அனுப்புவது. ஆகவே புதிய பதிப்பு வரும்போது அது மாறத்தான் வேண்டும். இங்கே ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. இன்னோ செட்டப் ஒரு கோப்பை வைக்குமுன், அங்கே இருக்கும் கோப்பிலும் தன்னிடம் உள்ள கோப்பிலும் பதிப்பெண் பொறிக்கப்பட்டிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கும். இருப்பது புதியதாயின் விட்டுவிடும். இக்னோர்-வெர்ஷன் என்னும் சொல்லை அந்த வரியில் எழுதியிருந்தால் இந்த ஒப்பீடு நடவாது. எக்ஸி கோப்புகளில் பதிப்பெண் பொறிக்க முடியும். கூலிப் பட்டியல் போன்ற வெறும் எழுத்துக் கோப்பில் அது கிடையாது. கிடையாதவற்றைப் பொதி யோசனையின்றி மாற்றிவிடும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு சேலைக்குக் கூலி 850 ரூபாயாக இருந்தது. நிர்வாக சபை 900 ரூபாயாக உயர்த்தியது. புதிய பட்டியலுடன் 2.4.1 என்ற பதிப்பு கிளைக்குப் போய் நிறுவப்பட்டது. சில நாள் கழித்து ஐகான் காணாமல் போயிற்றென்று குமாஸ்தா மேஜை அறையில் கிடந்த பழைய 2.4.0 பொதியை எடுத்து ஓட்டுகிறார். மென்பொருள் புதியதாகவே நிற்கிறது, திரையிலும் 2.4.1 என்றே காட்டுகிறது. கூலிப் பட்டியல் மட்டும் பழைய 850-க்குத் திரும்பிவிட்டது. அக்கிளையில் 60 நெசவாளர்கள் மாதம் எட்டுச் சேலை வீதம் நெய்தால், ஒரு மாதத்தில் அவர்களுக்குக் குறைந்துபோகும் தொகை 24,000 ரூபாய். பதிப்பெண்ணைப் பார்த்துச் சோதிக்கிற தணிக்கையாளரும் இதைக் கண்டுபிடிக்க மாட்டார்.

இதற்கு இரண்டு காப்புகள் செய்துகொள்ளலாம். பட்டியலுக்குள்ளேயே அது அமலுக்கு வந்த தேதியையும், எந்தப் பதிப்புக்கு உரியது என்பதையும் எழுதி, மென்பொருள் திறக்கும்போது தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பொருந்தாவிட்டால் கூலி போட மறுக்குமாறு செய்வது ஒன்று. இன்னொன்று, பொதியின் கோட் பகுதியில் சில வரிகள் எழுதி, கணிப்பொறியில் தன்னைவிடப் புதிய பதிப்பு இருந்தால் பொதியே நிறுவ மறுத்து வெளியேறுமாறு செய்வது. எம்.எஸ்.ஐ. முறையில் இவ்வொப்பீட்டுக்கு ஏற்பாடு உண்டு. ஆனால் அங்கே பதிப்பெண்ணின் முதல் மூன்று பகுதிகளே கணக்கில் வரும், நான்காவது எண்ணை மட்டும் மாற்றினால் அது மாற்றமாகவே கருதப்படாது என்பதை அம்முறையைக் கையாள்வோர் நினைவிற்கொள்க.

கிளைகளுக்குக் கிளை வேறுபடும் விஷயம் பெரும்பாலும் ஒன்றே. அதாவது கிளை எண். ரசீது எண்கள் அதை முன்னிட்டே அமைகின்றன. கிளைக்கொரு பொதி கட்டலாமா, எல்லாவற்றுக்கும் ஒரே பொதியா என்ற கேள்வி இங்கே எழும். ஸ்கிரிப்டுக்கு வெளியிலிருந்து மதிப்புகளைக் கொடுத்துக் கட்டும் வசதி இருப்பதால், ஐந்து கிளைகளுக்கு ஐந்து பொதிகளை ஐந்து நிமிஷத்தில் கட்டிவிடலாம். குமாஸ்தா தவறான எண்ணைக் கொடுக்கும் அபாயம் அதில் இல்லை. ஆனால் இரண்டாம் கிளையின் பொதி மூன்றாம் கிளைக்குப் போய்விடும் அபாயம் இருக்கிறது. அவ்விதம் போனால் இரு கிளைகளும் ஒரே எண்ணில் ரசீது கொடுக்கும். சோதிக்க வேண்டிய பொதிகளும் ஒன்றுக்கு ஐந்தாகின்றன. எனவே ஒரே பொதியே மேல் என்பது நம் அபிப்பிராயம். நிறுவும்போது கிளை எண்ணைக் கட்டளையில் சேர்த்துக் கொடுக்க, பாரம் என்னும் குறியீட்டால் பொதி அதைப் படித்து, ஐ.என்.ஐ. என்று முடியும் சிறு அமைப்புக் கோப்பில் எழுதிவிடும். அவ்வரியில் கிரியேட்-கீ-இஃப்-டஸின்ட்-எக்சிஸ்ட் என்று சேர்த்துவிட்டால், பிற்பாடு எண் கொடுக்காமலே புதிய பதிப்பை நிறுவினாலும் முன்பு எழுதிய கிளை எண் அப்படியே நிற்கும்.

திரையில் வரும் செய்திகள் தமிழில் இருக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். இருப்பதே நியாயம். மெசேஜஸ் பகுதியில் வேண்டிய செய்திகளை நாமே தமிழில் எழுதிவிடலாம். 2019-இல் வந்த 6-ஆவது பதிப்பிலிருந்து இன்னோ செட்டப் யூனிகோட் முறையில் மட்டுமே இயங்குகிறது, ஸ்கிரிப்டை யு.டி.எஃப்-8 என்னும் வடிவில் சேமித்தால் எழுத்துகள் சிதையா. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வாசகங்களை அப்படியே ஒட்டினால் மட்டும் வெறும் குறிகளாகத் தெரியும். முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிறுவும் நேரமும் முக்கியம். குமாஸ்தா பேரேட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு உள்ளே வரலாகாது. ஆப்-மியூடெக்ஸ் என்னும் வரியை ஸ்கிரிப்டில் எழுதி, அதே பெயரில் ஓர் அடையாளத்தை மென்பொருளும் ஓடும்போது வைத்துக்கொள்ளுமாறு செய்தால், அது மூடப்படும் வரை பொதி மேலே செல்லாது. கேள்வி கேட்காமல் நிறுவுவதற்குச் சைலன்ட், வெரி-சைலன்ட் என்னும் கட்டளைகள் உண்டு. இவற்றை உபயோகிக்கும்போது லாக் என்னும் கட்டளையையும் சேர்க்க வேண்டும்; அப்பொழுது பொதி தான் செய்ததை வரிக்கு வரி எழுதி வைக்கும். கிளையிலிருந்து புகார் வந்தால் தொலைபேசியில் வாதம் செய்வதைவிட அந்தக் கோப்பை வரவழைத்துப் படிப்பது சுலபம்.

பொதி வழியில் மாற்றப்படாமல் வந்ததா என்று அறிவது எப்படி? வியாபார நிறுவனங்கள் கையொப்பச் சான்றிதழ் வாங்கிப் பொதியில் மின்னணுக் கையொப்பம் இடுகின்றன. 2023-ஆம் ஆண்டு ஜூன் முதல் அந்தக் கையொப்பத்தின் இரகசியச் சாவி தனிப்பட்ட ஒரு சாதனத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டதால் அதற்குச் செலவும் ஏற்பாடும் அதிகம். கையொப்பமில்லாத பொதியை இணையத்திலிருந்து இறக்கி ஓட்டினால் விண்டோஸ் எச்சரிக்கை காட்டும். பரவாயில்லை, மேலே போ என்று அழுத்தக் குமாஸ்தாவைப் பழக்குவது மிகக் கெட்ட பழக்கம். நாளை வேறொருவன் அனுப்பும் விஷப் பொதிக்கும் அவர் அதையே செய்வார். வசதியுள்ள சங்கங்கள் கையொப்பமே வாங்கிக்கொள்ளட்டும். மற்றவை பென் டிரைவிலோ தங்கள் வலையமைப்பிலோ பொதியை அனுப்பி, கைரேகை போன்ற ஓர் எண்ணால் சரிபார்க்கலாம். விண்டோஸிலேயே உள்ள செர்ட்-யூட்டில் என்னும் கட்டளைக்கு ஹாஷ்ஃபைல் என்றும் எஸ்.எச்.ஏ.256 என்றும் சொன்னால், பொதியைப் படித்து 64 எழுத்துகள் கொண்ட ஒரு கோவையைத் தரும். பொதிக்குள் ஓர் எழுத்து மாறினாலும் கோவை முற்றிலும் வேறாகிவிடும். தலைமை அலுவலகத்தில் எடுத்த கோவையைப் பொதியோடு கூடவே அனுப்பலாகாது. பொதியை மாற்றத் தெரிந்தவனுக்குக் கூட வரும் சீட்டை மாற்றத் தெரியாதா? தொலைபேசியிலோ தனித் தபாலிலோ தெரிவித்து, கிளையில் எடுத்த கோவையோடு 64 எழுத்துகளையும் ஒப்பிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்பும் ஸ்கிரிப்ட் யார் கையில் இருக்கிறது என்று நிர்வாக சபை கேட்க வேண்டும். அனேகமாக அது எழுதியவரின் சொந்தக் கணிப்பொறியில் மட்டும் இருக்கும். அவர் நல்லவர்தாம், ஆனால் அவருக்கு வேறு ஊரில் உத்தியோகம் கிடைக்கும், அல்லது அவருடைய கணிப்பொறி பழுதாகும். ஸ்கிரிப்ட் இல்லாவிட்டால் ஆப்-ஐடி போயிற்று. அடுத்து வருபவர் கட்டும் பொதி பழையதை அறியாது. மென்பொருளின் மூலநிரலும், ஸ்கிரிப்டும், அனுப்பிய ஒவ்வொரு பொதியின் நகலும் சங்கத்தின் சொத்து. துணைவிதிப் புத்தகமும் முத்திரையும் இருக்கும் இடத்தில் இவற்றின் பிரதியும் இருக்க வேண்டும். எழுதுவிக்கும் ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்த்துவிடுவது உத்தமம்.

கிளைகளுக்கு அனுப்புமுன் தலைமை அலுவலகத்தில் ஒரு கணிப்பொறியை ஒதுக்கிப் பரீட்சை செய்ய வேண்டும். வெறும் கணிப்பொறியில் நிறுவிப் பார்ப்பது மட்டும் போதாது. முந்தின பதிப்பை நிறுவி, சில போலிக் கணக்குகளை எழுதி, அதன்மேல் புதியதை நிறுவி, கணக்குகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து வேறொரு பெயரில் கணிப்பொறியைத் திறந்து அதே கணக்குகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பழைய பொதியை மறுபடி ஓட்டி அது மறுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாக மென்பொருளை அடியோடு நீக்கிவிட்டுப் பேரேட்டு உறையைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடும் சோதனை இதுவே. நான்கும் தேறிய பின் பொதியின் பெயர், பதிப்பெண், 64 எழுத்துக் கோவை, அனுப்பிய தேதி ஆகியவற்றைக் காரியதரிசி ஒரு பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு, ஒவ்வொரு கிளையிலும் நிறுவிய நாளை எதிரே குறித்துக்கொண்டு வரலாம். அனுப்பும் முதல் பொதிக்கே அப்பதிவேட்டைத் தொடங்கிவிடுவது நலம்.